செடியின் பொறுமை

புதிதாகத் தோட்டம் போடத் தொடங்கியவர் யாராயினும், அவர் எத்தனை கல்வி கற்றவராயினும், முதல் மாதத்தில் அவரிடம் ஒரு சுபாவம் தவறாமல் வெளிப்படுகிறது. பாகல் விதையை ஊன்றிய ஐந்தாம் நாளே, அது முளை விட்டதா இல்லையா என்று மண்ணைக் கிளறிப் பார்க்கத் தூண்டும் அவசரமே அது. கிளறிய விரல் பட்டு வேர்முளை ஒடிந்துபோவதும் உண்டு. இந்த அவசரத்தைத் தோட்டம் ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் கொஞ்சமாகத் தணித்துவிடுகிறது என்பது தோட்டக்காரர்கள் அனைவருக்கும் அனுபவசித்தமான விஷயம். ஆயினும், தணிவது எதனால் என்று கேட்டால், பழக்கத்தினால் என்று மட்டும் சொல்லிவிடுவது போதாது என்பது என் அபிப்பிராயம். நாம் பொறுமை என்று பெயரிட்டு அழைக்கும் குணம் ஒரு செடிக்குள் எத்தனை கணக்கோடும் எத்தனை உழைப்போடும் நடைபெறுகிறது என்பதைத் தாவர சாஸ்திரிகள் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக ஆராய்ந்து வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றை அறிந்துகொண்டவனுக்கு, எப்போது செடியின்மேல் கை வைப்பது, எப்போது கையை எடுத்துக்கொள்வது என்ற விவேகம் பிறக்கிறது. தோட்டக்காரனுடைய பொறுமை என்பது அந்த விவேகமே.

விதையிலிருந்து தொடங்குவோம். பாகல் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால், செதுக்கு வேலைப்பாடு கொண்டது போன்ற அதன் தடித்த தோலுக்குள் உயிர் இருப்பதற்கான அடையாளம் ஒன்றும் புலப்படாது. நன்கு உலர்ந்த விதையில் நீரின் அளவு நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒட்டியே இருப்பதால், அதனுள் நிகழ வேண்டிய இரசாயன மாறுதல்கள் ஏறக்குறைய நின்றுபோயிருக்கின்றன. ஓர் இரவு ஊறவைத்து மண்ணில் ஊன்றியவுடன் விதை நீரை உறிஞ்சிப் பருக்கிறது. அது விரைவில் முடிந்துவிடும். அதன் பின், வெளியிலிருந்து பார்ப்பவனுக்கு ஒன்றுமே நடவாததுபோல் தோன்றும் ஓர் இடைவேளை வருகிறது. தோட்டக்காரனுடைய மனம் பதைப்பதும் அப்போதுதான். விதைக்குள் மிகத் தீவிரமான வேலை நடப்பதும் அப்போதுதான். உலர்ந்து கிடந்த காலத்தில் சிதைவுற்ற உயிரணுச் சவ்வுகள் செப்பனிடப்படுகின்றன. பரம்பரைக் குணங்களைத் தாங்கும் மரபிழைகளில் நேர்ந்த முறிவுகள் இணைக்கப்படுகின்றன. சுவாசத்திற்குரிய நுண்ணுறுப்புகள் புத்துயிர் பெறுகின்றன. சேமித்து வைத்த மாவையும் எண்ணெயையும் கரைத்துக் கொடுக்கும் நொதிகள் உண்டாகின்றன. இந்தப் பழுது பார்க்கும் வேலை ஒருவாறு நிறைவேறிய பிறகே வேர்முளை தோலைப் பிளந்துகொண்டு வெளிவரும். பழைய விதை முளைப்பதற்குக் கூடுதலாக நாள் எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அதில் பார்க்க வேண்டிய பழுது அதிகம் என்பதே.

பாகல் விதை நீர் கிடைத்தால் முளைத்துவிடும். நீரும் காற்றும் வெப்பமும் கிடைத்தபோதிலும் முளைக்க மறுக்கும் விதைகளும் உண்டு. இதனை விதையுறக்கம் என்பர். அப்சிசிக் அமிலம் என்னும் ஓர் ஊக்கி முளைப்பதைத் தடுக்க, ஜிப்பரலின் என்னும் மற்றோர் ஊக்கி முளைப்பதைத் தூண்ட, இவ்விரண்டின் ஏற்றத்தாழ்வைப் பொறுத்து விதை விழிப்பதா உறங்குவதா என்பது நிர்ணயமாகிறது. ஒரே செடியில் ஒரே நாளில் முற்றிய விதைகளிலும் சில இவ்வாண்டு முளைக்கும், சில அடுத்த ஆண்டு முளைக்கும், சில பத்தாண்டு கழித்து முளைக்கும். முதல் மழைக்கு முளைத்தவை அனைத்தும் பின்வந்த வறட்சியில் கருகிப் போனாலும், மண்ணுக்குள் மீதி இருப்பவை அந்த வமிசத்தைக் காப்பாற்றிவிடும். தோட்டத்தில் எத்தனை முறை களை பறித்தாலும் அடுத்த மழைக்கு அதே களை தலைகாட்டுவதன் இரகசியமும் இதுதான்.

இந்த இரகசியத்தின் எல்லையைக் காண வேண்டும் என்ற விருப்பத்தினால், அமெரிக்காவில் மிச்சிகன் விவசாயக் கல்லூரியில் தாவர சாஸ்திரப் பேராசிரியராக இருந்த வில்லியம் ஜேம்ஸ் பீல் என்பவர், 1879ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒரு பரிசோதனையைத் தொடங்கினார். களை விதைகள் மண்ணுக்குள் எத்தனை ஆண்டு உயிரோடு இருக்கும் என்ற கேள்விக்கு விடை தெரிந்தால், இன்னும் எத்தனை ஆண்டு களையெடுக்க வேண்டியிருக்கும் என்பதைக் குடியானவர்களுக்குச் சொல்ல முடியும் அல்லவா? அவர் இருபது கண்ணாடிப் புட்டிகளை எடுத்துக்கொண்டார். அவ்வட்டாரத்தில் சாதாரணமாக முளைக்கும் 21 வகைச் செடிகளின் விதைகளில் வகைக்கு ஐம்பதாக எண்ணி எடுத்து, ஈர மணலோடு கலந்து, ஒவ்வொரு புட்டியிலும் நிரப்பினார். மழைநீர் உள்ளே தேங்கிவிடாதபடி புட்டிகளின் திறந்த வாய் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்குமாறு கல்லூரி வளாகத்தில் ஓரிடத்தில் புதைத்தார். ஐந்தாண்டுகளுக்கு ஒரு புட்டியைத் தோண்டியெடுத்து, விதைகளை விதைத்துப் பார்ப்பது என்பது அவருடைய திட்டம். அத்திட்டப்படி கடைசிப் புட்டியைத் தோண்டும்போது தாம் இருக்கப்போவதில்லை என்பதை அறிந்தே அவர் இருபது புட்டிகளைப் புதைத்தார் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்.

பீல் 1924இல் காலமானார். அவர் ஓய்வு பெற்றபோது பொறுப்பை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். அந்த இன்னொருவர் மற்றொருவரிடம் ஒப்படைத்தார். இவ்வாறு குருசிஷ்ய பரம்பரையாக அது நடந்து வருகிறது. விதைகள் எதிர்பார்த்ததைவிட நீண்ட காலம் உயிரோடு இருப்பதைக் கண்டு, இடைவெளியை முதலில் பத்தாண்டாகவும் பின்பு இருபதாண்டாகவும் நீட்டினார்கள். 2020இல் தோண்ட வேண்டியிருந்த புட்டியை, கொரோனாத் தொற்றுக் காரணமாக ஓராண்டு ஒத்திவைத்து, 2021 ஏப்ரலில் தோண்டினார்கள். அப்பொழுது 141 வயது கடந்திருந்த அவ்விதைகளில் வெர்பாஸ்கம் என்ற களைச்செடியின் விதைகள் இருபது அளவில் முளைத்தன. மீதியுள்ள புட்டிகள் நான்கு. அடுத்தது 2040இல், கடைசிப் புட்டி 2100ஆம் ஆண்டில் வெளிவர வேண்டும். எளிய கருவிகளைக் கொண்டு, மனிதர்களின் சிரத்தை ஒன்றையே மூலதனமாக வைத்து நடக்கும் இதைப் போன்ற ஆராய்ச்சி, பெரிய யந்திரசாலைகளில் நடக்கும் எந்த ஆராய்ச்சிக்கும் மதிப்பில் குறைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

2021இல் அந்தப் புட்டியை அவர்கள் தோண்டியது விடியுமுன் இருட்டில். வேலைக்கு வைத்துக்கொண்டது மங்கிய பச்சை விளக்கு. காரணம் உண்டு. பல களைகளின் விதைகள் ஒரு கணம் வெளிச்சம் பட்டாலும் விழித்துக்கொள்ளும். அமெரிக்காவில் மேரிலாந்து மாகாணத்து பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில் ஹாரி பார்த்விக், ஸ்டெர்லிங் ஹென்ட்ரிக்ஸ் என்பவர்களும் அவர்களுடைய சகாக்களும் லெட்டூஸ் என்ற கீரையின் விதைகளை ஊறவைத்து, அவற்றின்மேல் பலவித ஒளிகளைப் பாய்ச்சிப் பார்த்து, 1952இல் ஓர் ஆச்சரியமான உண்மையை வெளியிட்டார்கள். 660 நானோமீட்டரை ஒட்டிய சிவப்பொளி பட்ட விதைகள் முளைத்தன. அதைத் தொடர்ந்து 730 நானோமீட்டரை ஒட்டிய தொலைச்சிவப்பொளியைப் பாய்ச்சினால் அவ்விதைகள் மறுபடி உறங்கின. இரண்டையும் மாறி மாறி எத்தனை முறை பாய்ச்சினாலும், இறுதியில் பட்டது எதுவோ அதுவே செல்லுபடியாயிற்று. பைட்டோகுரோம் என்று பின்னர்ப் பெயர்பெற்ற நிறப்பொருள் ஒன்று இவ்வேலையைச் செய்கிறது. பசிய இலைகள் சிவப்பொளியை உண்டுவிட்டுத் தொலைச்சிவப்பொளியைக் கீழே விட்டுவிடும். ஆகையால், பெரிய செடியின் நிழலில் கிடக்கும் விதைக்குத் தொலைச்சிவப்பே மிகுதியாகக் கிடைக்கிறது. மேலே வேறொரு செடி இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது, இப்பொழுது முளைத்துப் பிரயோஜனமில்லை என்ற செய்தி, கண்ணில்லாத அந்தச் சிறு விதைக்கு இவ்வாறு சென்று சேர்கிறது. நிலத்தைக் கொத்திவிட்டவுடன் களைகள் கும்பலாக முளைப்பது ஏன் என்று இனி விளக்க வேண்டியதில்லை.

விதைகளின் நீடித்த ஆயுளுக்கு வேறு திருஷ்டாந்தங்களும் உண்டு. சீன தேசத்தின் வடகிழக்கே பண்டைக்கால ஏரிப்படுகை ஒன்றில் கிடைத்த தாமரை விதை, ஏறத்தாழ 1300 ஆண்டு கழிந்த பின்னரும் முளைத்தது. தொட்டியில் தாமரை வளர்ப்பவர்கள் அவ்விதையின் கருத்த ஓட்டைக் கரடான கல்லில் உரசி, உள்ளிருக்கும் வெண்மை தெரியும் வரை தேய்த்த பிறகே தண்ணீரில் போடுவார்கள். உரசாமல் போட்டால் அது மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். நீர் புகாத அந்த ஓடே அதற்குக் கவசம். யூதேயாவில் மசாதாக் கோட்டை அகழ்வில் கிடைத்த பேரீச்ச விதை ஒன்றை 2005இல் ஊன்ற, அது முளைத்து மரமாயிற்று. அவ்விதையின் வயது ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டு.

எல்லா விதைகளும் இப்படிப்பட்டவை என்று எண்ணிவிடலாகாது. கறிவேப்பிலைப் பழத்தைக் காயவைத்துப் பத்திரமாக டப்பாவில் எடுத்துவைத்து, அடுத்த ஆடியில் விதைக்கலாம் என்றிருப்பவர் ஏமாந்துபோவார். கறிவேப்பிலை, மா, பலா ஆகியவற்றின் விதைகள் உலர்தலைச் சகிக்கமாட்டா. பழத்திலிருந்து எடுத்த ஈரம் காயுமுன் மண்ணுக்குள் போய்விட வேண்டும். வேப்பங்கொட்டையும் நீண்ட நாள் தாங்குவதில்லை. மழைக்காலத்தை ஒட்டிப் பழுத்து, உதிர்ந்த இடத்திலேயே முளைக்கும் இனங்களுக்கு உறக்கம் எதற்கு? இங்கே தாமதமே குற்றம். தாமரையிடம் காத்திருப்பதும், கறிவேப்பிலையிடம் விரைவதும் ஆகிய இரண்டும் ஒரே அறிவின் இரு பிரயோகங்கள்.

மிச்சிகனில் 2000, 2021 ஆகிய ஆண்டுகளில் புட்டிகளைத் தோண்டிய ஃபிராங்க் டெலவ்ஸ்கி என்பவர், வேறொரு துறையிலும் பெயர் பெற்றவர். காற்றில் அசையும் மரம் எப்படி வலிமை பெறுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சிப் பொருள். அதில் அவருக்குச் சகாவாக இருந்தவர் மார்க் ஜாஃபே. இந்த ஜாஃபே 1973இல் வெளியிட்ட கட்டுரையில், இளஞ்செடிகளின் தண்டை நாள்தோறும் சில விநாடி விரலால் மென்மையாக வருடிவந்தாலே, அவை உயர்வதைக் குறைத்துக்கொண்டு தடித்துக் குட்டையாக வளர்கின்றன என்று காட்டினார். ஆமணக்கு, வெள்ளரி, தொட்டாற்சுருங்கி முதலியவற்றில் இது தெளிவாகக் காணப்பட்டது. எல்லாச் செடிகளும் இவ்வாறு செய்வதில்லை என்பதையும் அவரே குறிப்பிட்டார். பின்னர் 1990இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜேனட் பிராம், ரொனால்டு டேவிஸ் என்னும் இருவர், ஓர் ஊக்கியைச் செடியின்மேல் தெளித்து அதனால் தூண்டப்படும் மரபணுக்களைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஒப்பிடுவதற்காக வெறும் தண்ணீரைத் தெளித்த செடிகளிலும் அதே மரபணுக்கள் அரைமணிக்குள் விழித்துக்கொண்டதைக் கண்டார்கள். செடி உணர்ந்தது மருந்தை அல்ல, துளிகள் விழுந்த ஸ்பரிசத்தையே. ஜப்பானியக் குடியானவர்கள் குளிர்காலத்தில் கோதுமை, பார்லி நாற்றுகளின்மேல் வரிசையாக நடந்து மிதித்துக்கொடுக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. மிதிபட்ட நாற்று வேரூன்றித் தூர் கட்டி நிற்கிறது.

நம் தோட்டங்களில் இதற்கு நேர்மாறான காரியத்தைப் பலர் அன்பினால் செய்கிறார்கள். கத்தரி, தக்காளி நாற்றுகளை நிழலில் வைத்து, காற்றுப் படாமல் மறைத்து, வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்துப் போற்றி, நெட்டையாய் வெளிறி நிற்கும் அவற்றைத் திடீரென்று சித்திரை வெயிலில் நட்டால், மறுநாள் அவை தலை சாய்ந்து கிடக்கும். நாற்றைப் பிடுங்குவதற்குச் சில நாள் முன்பிருந்தே தண்ணீரைக் குறைத்து, வெயிலிலும் காற்றிலும் சிறிது சிறிதாகப் பழக்கிய நாற்றோ, நட்ட இரண்டொரு நாளில் நிமிர்ந்துவிடும். சிறு துன்பங்களை அளவறிந்து கொடுத்தால் செடி பெருந்துன்பத்தைத் தாங்கும். ஆனால் அளவு என்பதுதான் அங்கே முக்கியம்.

பூசணிக் கொடியின் அகன்ற இலைகள் உச்சி வெயிலில் குடைசாய்ந்ததுபோல் வாடித் தொங்குவதைப் பார்த்துக் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடாதவர் குறைவு. இலைகள் நீரை ஆவியாக வெளிவிடும் வேகத்திற்கு வேர் நீரை ஏற்றும் வேகம் ஈடுகொடுக்காதபோது, இலைத்துளைகள் மூடிக்கொள்கின்றன, உயிரணுக்கள் விறைப்பு இழக்கின்றன, இலை மடிந்து வெயிலுக்குத் தன் பரப்பைக் குறைத்துக்கொள்கிறது. அது கொடியின் தற்காப்பு. மாலை ஐந்தரை மணிக்குப் போய்ப் பார்த்தால் இலைகள் தாமாகவே விரிந்து நிற்கும். மாலையிலும் வாடியிருந்தால் தண்ணீர் தேவை. நண்பகலில் மட்டும் வாடினால் தேவையில்லை. அவசரப்பட்டு ஊற்றிக்கொண்டே இருந்தால், மண்ணின் துளைகளில் காற்றுக்கு இடமில்லாமல் போய், வேர் மூச்சு முட்டி அழுகும். அழுகிய வேரால் நீரை ஏற்ற முடியாமல் இலை மேலும் வாடும். வாட்டத்தைக் கண்டு இன்னும் தண்ணீர் ஊற்றுவார்கள். தொட்டிச் செடிகளில் எத்தனையோ இவ்வாறு பிரியத்தினாலேயே மடிகின்றன.

கை வைக்காமல் இருப்பதைப் பற்றி இவ்வளவு சொன்னேன். கை வைப்பதற்கு மனத்திடம் வேண்டும் என்பதற்கு மல்லிகையைவிடச் சிறந்த உதாரணம் இல்லை. மதுரையைச் சுற்றிய குண்டுமல்லித் தோட்டங்களில் கார்த்திகைக் கடைசியிலிருந்து தை வரையில் கவாத்துச் செய்வார்கள். அதுவரை பசேலென்று அடர்ந்திருந்த புதரை, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்திற்கு விட்டுவிட்டு, மேலே உள்ளதையெல்லாம் அரிவாளாலும் கத்தரியாலும் வெட்டித் தள்ளுவார்கள். வெட்டி முடித்த நிலத்தில் குச்சிகள் மட்டும் நிற்கும். வீட்டு முற்றத்தில் ஒரே ஒரு மல்லிகைப் புதரை அருமையாக வளர்ப்பவர்களுக்கு இதைச் செய்ய மனம் வராது, வெட்டாமல் விட்டுவிடுவார்கள். அந்தப் புதர் இலையும் கொடியுமாகப் பரந்துகொண்டே போய், பூவில் மட்டும் குறைந்துகொண்டே வரும். குண்டுமல்லி புதுத்துளிரின் நுனியிலேயே அரும்பு கட்டும் இனம். புதுத்துளிர் நிறைய வர வேண்டுமானால் பழங்கிளை போகத்தான் வேண்டும்.

வெட்டிய இடத்திற்குக் கீழே அடுத்த இரண்டு வாரத்தில் நடப்பதைக் கூர்ந்து பார்க்க வேண்டும். இலைக்காம்பு தண்டோடு சேர்ந்திருந்த ஒவ்வொரு கணுவிலும், கடுகளவு கூட இல்லாத ஒரு மொக்கு, பல மாதங்களாக வளராமல் கிடந்தது, இப்பொழுது வெளிறிய பச்சையாய்ப் புடைத்து, இரண்டு சிறு இலைகளாகப் பிரியும். ஒரு தண்டில் எதிரெதிராக இணை இணையாக இப்படி எழும்புவதைப் பார்ப்பது கண்ணுக்குப் பெருவிருந்து. இந்த மொக்குகள் எல்லாம் புதிதாக உண்டானவை அல்ல. செடி முன்பே உண்டாக்கி, தேவை நேருமென்று வைத்திருந்தவை. அவற்றை அதுவரை அடக்கி வைத்திருந்தது எது?

இக்கேள்விக்கு முதல் விடையை 1930களின் தொடக்கத்தில் கென்னத் திமன், ஃபோக் ஸ்கூக் என்ற இருவர் கண்டார்கள். அவரைச் செடி ஒன்றின் நுனியைக் கிள்ளினால் பக்க மொக்குகள் வளரும் என்பது தோட்டக்காரர்கள் ஆதிகாலந்தொட்டு அறிந்தது. இவர்கள் கிள்ளிய இடத்தில் ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கியைத் தடவினார்கள். நுனி இல்லாதபோதிலும், அது இருப்பதாகவே எண்ணிக்கொண்டு பக்க மொக்குகள் அடங்கிக் கிடந்தன. நுனித்தளிரில் உண்டாகும் ஆக்சின் தண்டின் வழியே கீழிறங்கி மொக்குகளைத் தடுக்கிறது என்பது இதிலிருந்து தெரிந்தது. வேரிலிருந்து மேலேறும் ஸ்ட்ரிகோலாக்டோன் என்ற மற்றோர் ஊக்கியும் இந்த அடக்குதலில் துணைபுரிகிறது என்பதை 2008இல் கண்டார்கள். ஆக்சின் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவிலேயே நகர்கிறது. வெட்டு வாய்க்கு வெகு கீழே உள்ள மொக்குகளோ, ஆக்சின் வடிந்த செய்தி அங்கு போய்ச் சேருமுன்பே வளரத் தொடங்கிவிடுகின்றன. பட்டாணிச் செடியில் இதை ஆராய்ந்த ஆஸ்திரேலிய விஞ்ஞானிகள் 2014இல் அதற்கும் காரணம் கூறினார்கள்: நுனித்தளிர் பெருமளவில் உறிஞ்சிக்கொண்டிருந்த சர்க்கரை, நுனி போனவுடன் திசை மாறி மொக்குகளுக்குப் பாய்கிறது, அந்தச் சர்க்கரையே அவற்றுக்கு எழுப்பு மணி. மல்லிகையைக் கவாத்துச் செய்தபின் எருவிட்டு நீர் பாய்ச்சிவிட்டுக் காத்திருந்தால், மாசி பங்குனியில் செடி அரும்பால் மூடிக்கொள்ளும்.

செடியின் மீட்சியைப் பற்றிப் பேசியபின், செடியை வளர்ப்பவனுடைய மீட்சியைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் 2011இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், தோட்டம் வளர்க்கும் பழக்கமுள்ள முப்பது பேரை முதலில் மனத்தை நெருக்கும் ஒரு வேலையில் ஈடுபடுத்தி, பிறகு சிலரை அரைமணி நேரம் தோட்ட வேலை செய்யவும், மற்றவர்களை உள்ளே அமர்ந்து படிக்கவும் விட்டார்கள். மன அழுத்தத்தின்போது மிகும் கார்ட்டிசால் என்னும் சுரப்பு இரு சாராருக்கும் குறைந்தது. தோட்ட வேலை செய்தவர்களுக்கு அதிகமாகக் குறைந்ததோடு, அவர்களுடைய மனநிலையும் பழையபடி சீரடைந்தது. முப்பது பேர் என்பது சிறிய தொகை. அதைக் கொண்டு பெரிய சித்தாந்தம் கட்ட நான் விரும்பவில்லை. ஆனால், மாலையில் களைக்கொத்தோடு பாத்தியில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்கு இதன் உண்மை பிரத்தியட்சம்.

மல்லிகை வெட்டுண்ட பின் மீளும் என்றேன். முருங்கையும் அவ்வாறே, காற்றில் ஒடிந்து விழுந்த கிளையைப் போத்தாக வெட்டி நட்டால் அதுவே தனி மரமாகும். இவற்றுக்கெல்லாம் உறங்கும் மொக்குகள் ஏராளம். தென்னை, பனை ஆகியவற்றின் விதி வேறு. அவற்றுக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது முறிந்தால் மரத்திற்கு அதோடு முடிவு. மற்ற மரங்களைப் போல ஆண்டுதோறும் தண்டைப் பருக்கச் செய்யும் திசுவும் அவற்றுக்கு இல்லை. 2018 நவம்பர் 16ஆம் தேதி வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கங்களில் தென்னந்தோப்புகளை அடியோடு சாய்த்தபோது, அந்தக் குடும்பங்கள் இழந்தது ஒரு பருவத்து விளைச்சலை அல்ல, பல்லாண்டுக் காத்திருப்பின் பலனை. நெல்லானால் அடுத்த பருவத்தில் மறுபடி விதைக்கலாம். தென்னங்கன்று காய்ப்பதற்கு ஐந்தாறு ஆண்டேனும் வேண்டும்.

விழுந்தபின் எழ வழியில்லாத மரம், விழாமல் இருப்பதற்கான ஏற்பாட்டை முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். பனை இதைச் செய்யும் விதம் அற்புதமானது. பனங்கொட்டை முளைக்கும்போது முதலில் வெளிவருவது மேல்நோக்கி எழும் தளிர் அல்ல. கருவைத் தன் முனையில் சுமந்துகொண்டு கீழ்நோக்கி இறங்கும் ஒரு தண்டு. விதைக்குள் இருந்த உணவு அதன் வழியே மண்ணுக்கடியில் இறங்கிச் சேமிக்கப்படுகிறது. தைப்பொங்கலுக்கு நாம் அவித்துத் தின்னும் பனங்கிழங்கு அவ்வாறு சத்தைச் சேமித்து வைத்திருக்கும் இளங்கன்றே ஆகும். பாத்தியைத் தோண்டும்போது கிழங்கோடு வரும் கொட்டையை வெட்டினால், உள்ளே வெண்மையாய் இனிக்கும் தவுண் இருக்கும். தோண்டாமல் விட்டால், கன்று மேலே ஓரிரு ஓலைகளை மட்டும் காட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் தரையோடு தரையாகவே இருக்கும். பின்னால் பருக்க முடியாத தன் தண்டின் முழு அகலத்தையும் அது அந்த ஆண்டுகளில் மண்ணுக்குள்ளேயே கட்டி முடிக்கிறது. அதன் பிறகே உயரத் தொடங்குகிறது. வடலி என்னும் இந்த இளம்பனை வளரவில்லை என்று நாம் எண்ணும் காலமெல்லாம் அடித்தளம் போடும் காலம். பாளை விடுவதற்குப் பன்னிரண்டு ஆண்டிலிருந்து இருபது ஆண்டு வரை ஆகும். தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான் என்று கிராமத்தில் சொல்வது இதனால்தான். அப்படிச் சொல்லிக்கொண்டேதான் நம் முன்னோர் ஏரிக்கரைதோறும் பனையை வைத்துவிட்டுப் போனார்கள். நுங்கும் பதநீரும் ஓலையும் நமக்குக் கிடைத்தன.

தமிழ்நாட்டின் மாநில மரமாகிய பனை, செங்கற் சூளைகளுக்காகவும் மனை நிலங்களுக்காகவும் வெட்டப்பட்டுக் குறைந்து வருகிறது. ஆவணி, புரட்டாசியில் பனம்பழம் உதிரும். தோட்டத்தில் இடமில்லாதவர்களும் இதைச் செய்யலாம்: பத்துக் கொட்டைகளைப் பொறுக்கி, வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், ஊரார் அனுமதியோடு ஏரிக்கரையிலோ குளத்தங்கரையிலோ, பத்தடிக்கு ஒன்றாக, ஒரு சாணுக்குக் குறைந்த ஆழத்தில் குழியெடுத்துப் புதைத்துவிட்டு வாருங்கள். மழை பெய்தால் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. கிழங்குக்காகத் தோண்டிவிடாதபடி ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.